நோய் நெஞ்சில், வைத்தியம் டப்பாவுக்கு

என் அம்மாவின் நோய் நெஞ்சில் இருந்தது. அதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எக்கோவில் பார்த்தீர்கள், ஆஞ்சியோவில் பார்த்தீர்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுமே உங்களில் மூத்தவர் புருவத்தைச் சுருக்கினார். “சீக்கிரம் பண்ணிடணும்மா, நாள் கடத்தக் கூடாது” என்று சொன்னவரும் அவர்தான். அப்புறம் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் நீங்கள் அம்மாவின் மூத்திரத்துக்கு வைத்தியம் பார்த்தீர்கள். வால்வு கிடந்தபடியே கிடந்தது. அம்மா போய்விட்டார்.

மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் என் கோபம் ஒரு கட்டடத்தோடு முடிந்துவிடும். இதய அறுவைக்கு வந்த கிழவியின் சிறுநீர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தேதியைத் தள்ளிப்போடும் வழக்கம் எத்தனையோ கட்டடங்களில் இருக்கிறது. என் சண்டை அந்த வழக்கத்தோடு.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. உதவிபெறும் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பியபின், அம்மாவின் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தேன். புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டேன். தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க அழுகை வற்றி ஆத்திரம் ஏறியது. நேற்றைக்குக் கண்டுபிடித்த விஷயமாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நான் படித்ததெல்லாம் பழைய சங்கதி. உங்களில் பலர் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய சங்கதி.

அம்மாவுக்கு 76 வயது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் புறப்படும் வாசலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிப்போயிருந்தது. நல்ல வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். 1-க்குக் கீழே இறங்கினாலே முற்றிய நோய் என்பார்கள். அம்மாவுக்கு 0.7. அந்தச் சின்ன இடுக்கு வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்துவிட்டது. கொல்லையில் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்தார். ராத்திரியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே பொழுது விடியக் காத்திருந்தார். இந்த நோயில் இப்படித் தொந்தரவு தொடங்கியபின் அறுவை செய்யாமல் விட்டால் ஆயுள் எவ்வளவு என்பதை ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1968-லேயே எழுதிவிட்டார்கள். நெஞ்சுவலி வந்தவர்களுக்குச் சராசரியாக 5 ஆண்டு, மயக்கம் வந்தவர்களுக்கு 3, இதயம் தளர்ந்து மூச்சுத் திணறுகிறவர்களுக்கு 2. எந்த மாத்திரையும் அந்த வால்வைத் திறக்காது. மாற்றுவது ஒன்றே வழி. அதற்காகத்தான் உங்களிடம் வந்தோம்.

அட்மிஷன் அன்று சிஸ்டர் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, “முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல பிடிங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முட்டி மடங்காத, நின்றால் தலை சுற்றுகிற மனுஷி எதை விட்டு எதைப் பிடிப்பார்? ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையில் டப்பாவோடு, புடவையை நான் தூக்கிப் பிடிக்க, வந்ததைப் பிடித்தார். கழுவிச் சுத்தம் செய்துகொண்டு பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த டப்பா சிஸ்டர்கள் உட்காரும் மேசையில், ஃபைல்களுக்கு நடுவே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி ஆள் வந்து எடுத்துப் போனார். சிறுநீரை 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அறைச் சூட்டில் விட்டால் கொஞ்சமாக இருக்கும் கிருமியும் பெருகிக்கொண்டே போகும். ஈ.கோலை என்ற குடல் கிருமி, வசதியான சூழ்நிலை கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அந்தப் பெருக்குத் தொடர் எங்கே போய் நிற்கும் என்று கணக்கு டீச்சருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் டியூட்டி டாக்டர் வந்தார். பேரன் வயசு. முகத்தில் தூக்கமின்மை.

“யூரின் அடிக்கடி போகுதா பாட்டி?”

“தண்ணி மாத்திரை காலையில ஒண்ணு மதியம் ஒண்ணு குடுக்குறீங்க தம்பி. போகாம என்ன செய்யும்?”

“எரிச்சல் இருக்கா?”

“இல்லப்பா.”

“காய்ச்சல், குளிர்?”

“அதெல்லாம் இல்ல. மூச்சுதான் வாங்குது.”

அவர் கேஸ் ஷீட்டில் எழுதியதைப் பின்னால் ஃபைலில் பார்த்தேன். அடிக்கடி சிறுநீர் போகிறது என்று மட்டும் இருக்கிறது. தண்ணி மாத்திரையைக் காணோம். எரிச்சல் இல்லை என்றதைக் காணோம். காய்ச்சல் இல்லை என்றதைக் காணோம். நுரையீரலில் கோத்த நீரை இறக்க நீங்கள் கொடுத்த லாசிக்ஸ் ஒழுங்காக வேலை செய்தது. அதையே நோயின் அறிகுறியாகவும் எழுதிக்கொண்டீர்கள்.

பஸ் செல்ஸ், அதாவது சீழ் அணுக்கள், 15-20 என்று வந்த அன்றே லெவோஃப்ளாக்சசின் தொடங்கிவிட்டது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் பின்னால் வந்தது. ஈ.கோலை, மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல். பக்கத்தில் ஈ.எஸ்.பி.எல். என்று போட்டிருந்தது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத ரகம் என்று அர்த்தமாம். மறுநாள் அறுவை. ரத்தம் கொடுக்க என் தம்பியின் சிநேகிதர்கள் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்து கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார்கள். “யூரின்ல இன்ஃபெக்ஷன் இருக்கும்மா. கிளியர் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றீர்கள். வேன் வந்த வழியே திரும்பியது.

அம்மா என்னைக் கேட்டார்: “நெஞ்சுக்குத்தானேடி வந்தோம்? இவங்க ஏன் கீழ போயிட்டாங்க?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை நான் இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

வயதான பெண்களின் சிறுநீர்ப்பையில் ஒரு தொந்தரவும் தராமல் கிருமி குடியிருப்பது சர்வசாதாரணம். நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கும் 70 வயது தாண்டிய பெண்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இருக்கும். முதியோர் இல்லங்களில் கால்வாசிப் பெண்கள் முதல் பாதிப் பெண்கள் வரை. கூடவே சீழ் அணுக்களும் இருக்கலாம். இதை அறிகுறியற்ற கிருமியிருப்பு என்று உங்கள் நூல்கள் தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன, நோய்த்தொற்றோடு சேர்க்கவில்லை. நீங்கள் கும்பிடும் அந்த 1 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர், டப்பாவில் இருக்கும் கிருமி பிடிக்கும்போது வெளியிலிருந்து கலந்ததா, பைக்குள்ளேயே இருந்ததா என்று பிரித்தறிய வகுத்த கோடு அது. கிருமி இருப்பதை அந்த எண் சொல்லும். நோய் இருக்கிறதா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். என் அம்மா சொன்னார். நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

1987-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் லிண்ட்சே நிக்கோல் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். இப்படிக் கிருமி குடியிருந்த முதிய பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மருந்து வாங்கியவர்கள் கூடுதலாக வாழ்ந்துவிடவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. போன கிருமிக்குப் பதிலாக, மருந்துக்கு அடங்காத கிருமி வந்து உட்கார்ந்தது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2005-இல் வழிகாட்டுதல் எழுதியது. 2019-இல் அதைப் புதுப்பித்து, நிக்கோல் தலைமையிலேயே, இன்னும் வெளிப்படையாக எழுதியது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதைக்குள் கருவி விட்டுச் சதை கிழியும்படியான சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இப்படிக் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சிறுநீர்ப் பாதைக்குச் சம்பந்தமில்லாத வேறு அறுவைக்குப் போகிறவர்களிடம் தேடவும் வேண்டாம், கிடைத்தால் மருந்து கொடுக்கவும் வேண்டாம். இதய அறுவை அந்த வேறு அறுவையில் வராதா?

சான்றின் தரம் குறைவு என்று அந்தச் சங்கமே ஒப்புக்கொண்டிருப்பதையும் படித்தேன். மறைக்கவில்லை. ஆனாலும் பரிந்துரையை அழுத்தமாகவே வைத்திருக்கிறார்கள். அதே 2019-இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் இதயம், எலும்பு, ரத்தக்குழாய் அறுவை செய்துகொண்ட 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் புரட்டி ஒரு ஆய்வு வந்தது. சிறுநீரில் அறிகுறியில்லாத கிருமி இருந்தவர்களுக்கு அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பது அதனால் கூடவில்லை. அந்தக் கிருமிக்கு மருந்து கொடுத்ததால் குறையவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி. பெண்களுக்கு வேறு மாதிரி என்று காட்டும் ஆய்வு உங்களிடம் இருந்தால் அதை அன்றைக்கே என்னிடம் காட்டியிருக்கலாமே? உங்களிடம் இருந்தது வழக்கம் ஒன்றுதான்.

“செயற்கை வால்வு வைக்கப்போறோம்மா. கிருமி போய் அதுல ஒட்டிக்கிட்டா ஆபத்து” என்று ஒருவர் விளக்கினார். வாஸ்தவம். வால்வில் தொற்று வந்தால் உயிருக்கே உலை. ஆனால் அப்படிப் போய் ஒட்டும் கிருமிகள் எவை? பெரும்பாலும் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், வாயிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடலிலும் சிறுநீர்ப் பாதையிலும் இருக்கும் என்டெரோகாக்கஸ். ஈ.கோலை வால்வைப் பிடிப்பது அபூர்வம். நெஞ்செலும்பு வெட்டிய இடத்தில் சீழ் பிடிப்பதும் அதிகமாகத் தோல் கிருமிகளால்தான். அதனால்தான் மூக்கில் ஸ்டஃப் இருக்கிறதா என்று பார்த்து களிம்பு தடவுவதும், பல்லைப் பார்ப்பதும், சர்க்கரையை அடக்குவதும், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் போன்ற மருந்தை ஏற்றுவதும். அம்மாவின் மூக்கை யாரும் பார்க்கவில்லை. கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை இருந்தது. அதை நான்தான் சொன்னேன். “அது அப்புறம்” என்றார்கள். கூரை பற்றி எரியும்போது திண்ணையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

இனி, ஒட்டடை அடித்த லட்சணத்தைப் பாருங்கள்.

முதல் மருந்து லெவோஃப்ளாக்சசின். இந்த வகை மருந்துகள் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கக்கூடியவை என்பது தெரிந்த விஷயம். தசைநாண் அறுந்துபோகும் ஆபத்துக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை வைத்தது. 2018 டிசம்பரில் இன்னொன்று சொன்னது. மகாதமனி வீங்கிக் கிழிவதற்கு இந்த மருந்துகள் காரணமாகலாம், ஆகவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வேறு வழி இல்லாதபோது மட்டும் கொடுங்கள் என்று. என் அம்மா வயதானவர். ரத்தக் கொதிப்புக்காரர். சிறுநீரில் எரிச்சல்கூட இல்லாதவர். அவருக்கு வேறு வழி இல்லாமல் போனது எப்படி?

கல்ச்சர் வந்ததும் அந்த மருந்து வேலைக்காகாது என்று தெரிந்தது. அமிக்கேசின் ஊசிக்கு மாற்றினீர்கள். “ஊர்லயே போட்டுக்கங்க” என்று எழுதிக் கொடுத்து அனுப்பினீர்கள். அமிக்கேசின் கிட்னியைப் பதம் பார்க்கும் மருந்து. அதற்குச் சில நாள் முன்புதான் ஆஞ்சியோவுக்காக அயோடின் சாயம் ஏற்றியிருந்தீர்கள். அந்தச் சாயமும் கிட்னிக்கு ஆகாது. கூடவே லாசிக்ஸ். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தவர்கள், கிட்னியின் நிலையைக் காட்டும் க்ரியாட்டினினை இடையில் ஒரு முறை பார்க்கச் சொல்லி அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதவில்லை. திரும்பி வந்தபோது க்ரியாட்டினின் ஏறியிருந்தது. “க்ரியாட்டினின் இறங்கட்டும், நெஃப்ரோ கிளியரன்ஸ் வேணும்.” இரண்டாவது தள்ளிவைப்பு. முதல் தள்ளிவைப்பு பெற்ற பிள்ளை அது.

அடுத்து வயிற்றுப்போக்கு. ஆன்டிபயாட்டிக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும். வேறு யாருக்காவது வந்திருந்தால் நாலு நாள் மோரும் கஞ்சியும் குடித்துச் சமாளித்திருப்பார்கள். அயோர்ட்டிக் வால்வு இறுகியவருக்கு உடம்பில் நீர் வற்றுவது விளையாட்டு இல்லை. இதயத்துக்குள் ரத்தம் போதுமான அளவு நிரம்பினால்தான் அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வெளியே தள்ள முடியும். நீர் வற்றினால் பிரஷர் விழும், விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாது. எங்கள் ஊர் டாக்டர் அதைப் புரிந்துகொண்டு தண்ணி மாத்திரையை நிறுத்தினார். நிறுத்தினால் மூச்சுத் திணறல். கொடுத்தால் மயக்கம். அந்த நடுக்கோட்டில் ஒரு கிழ உயிரை நிற்க வைத்தது எந்த நோய்? சிறுநீர்த் தொற்று இல்லை. அதற்குக் கொடுத்த மருந்து.

மார்கழியில் திரும்பவும் சேர்த்தோம். திரும்பவும் டப்பா. மருந்து முடிந்தபின் கிருமி போய்விட்டதா என்று மறுபடி கல்ச்சர் எடுத்துப் பார்க்க அவசியம் இல்லை, தொந்தரவு இருந்தால் மட்டும் பாருங்கள் என்று வழிகாட்டுதல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எடுத்தால் என்ன வரும்? வயதான பையில் கிருமி திரும்ப வந்து குடியேறும். வந்தது. இந்த முறை க்ளெப்சியெல்லா. முன்னதைவிட முரட்டு ரகம். ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’, ‘ஆர்’, ‘ஆர்’. கேட்காது, கேட்காது, கேட்காது. அதை அங்கே வளர்த்துவிட்டவர்கள் நீங்கள். அதைக் காரணம் காட்டி மூன்றாவது முறை தள்ளிவைத்தவர்களும் நீங்கள்.

அன்று ராத்திரி, விளக்கு அணையாத வார்டில், மானிட்டர்கள் கத்திக்கொண்டிருக்க, தூக்கம் இல்லாமல் அம்மா கொஞ்சம் உளறினார். செத்துப்போன அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “பாத்தீங்களா, யூரின் இன்ஃபெக்ஷன் தலைக்கு ஏறுது” என்று ஒருவர் சொல்லிவிட்டு ட்ரிப்ஸைக் கூட்டினார். காய்ச்சல் இல்லாத, சிறுநீர்த் தொந்தரவு இல்லாத முதியவர் குழம்பிப் பேசினால், உடனே ஆன்டிபயாட்டிக்கைத் தூக்காதீர்கள், வேறு காரணம் தேடுங்கள், கவனித்துக்கொண்டிருங்கள் என்று அதே 2019 வழிகாட்டுதலில் இருக்கிறது. வேறு காரணம் தேடப் பெரிய மூளை வேண்டாம். ஆஸ்பத்திரி, தூக்கமின்மை, வற்றிய உடம்பு, ஏறிய க்ரியாட்டினின். கண்ணாடியைக்கூட வாங்கி டிராயரில் வைத்துவிட்டார்கள். பார்வை மங்கிய கிழவிக்கு எதிரே நின்றவர் அப்பாவாகத் தெரிந்திருக்கலாம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான தொற்று வேறு. குளிர் நடுக்கி, காய்ச்சல் அடித்து, விலாவில் வலித்து, புதிதாக எரிச்சல் தொடங்கி, பிரஷர் சரிந்து வரும் நோயாளியை அறுவை மேசையில் ஏற்றக் கூடாது. முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். சிறுநீரில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால், அது ரத்தத்திலிருந்து வடிந்து வந்ததாக இருக்கலாம், ரத்த கல்ச்சர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் தள்ளிவைத்தால் கைகூப்பி ஏற்றுக்கொள்வேன். அந்த வேறுபாட்டைப் பார்க்கத்தானே உங்களிடம் வருகிறோம்? ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பதைப் படிக்க லேப் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

அம்மா தை மாதம், வீட்டில், காலைக் காபியை வாங்கிக் கீழே வைக்கும் முன்பே சரிந்தார். ஊர் டாக்டர் வந்து பார்த்து இதயம் நின்றது என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது சரி. ஆனால் அந்தத் தாளில் தள்ளிவைத்த தேதிகள் இல்லை. அமிக்கேசின் இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மேசையில் கிடந்த டப்பா இல்லை.

இங்கேதான் என் வயிறு எரிகிறது. நான் கணக்குப் பார்த்துவிட்டேன். அறுவை மேசையில் செத்தால் உங்கள் கணக்கு. வீட்டில் செத்தால் விதியின் கணக்கு. அறுவைக்குப் பின் சீழ் பிடித்தால் கமிட்டி கூடும், ஃபைல் கேட்கும், யார் கிளியரன்ஸ் கொடுத்தது என்று விசாரணை வரும். அறுவைக்குக் காத்திருந்தே ஒருத்தி போய்ச் சேர்ந்தால் எந்தக் கமிட்டி கூடுகிறது? மயக்க மருந்து டாக்டர் ‘யூரின் கிளியர் ஆகட்டும்’ என்றார். பொது மருத்துவர் ‘மருந்து கொடுத்தாயிற்று’ என்று எழுதினார். சிறுநீரக டாக்டர் ‘க்ரியாட்டினின் இறங்கியதும்’ என்றார். அறுவை டாக்டர் ‘எல்லாரும் ஓகே சொல்லட்டும்’ என்றார். ஆளாளுக்குத் தன் தலைக்கு வராமல் பார்த்துக்கொண்டீர்கள். எல்லாரும் தப்பித்தபின் மிச்சமிருந்த தலை அம்மாவுடையது.

இதைத் தனி ஒரு குடும்பத்தின் துக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேவையில்லாமல் கொடுத்த ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் அடுத்தவர் வீட்டு வாசலையும் தட்டும். என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமந்த, கடைசிக் கட்ட மருந்துகளையே செல்லாக்காசாக்கும் கிருமிகள் இந்தியாவில் பரவியிருப்பதை 2010-இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை உலகுக்குச் சொன்னது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சோதித்த கிருமிகளில் சென்னையில் எடுத்தவையும் உண்டு. 2012-இல் மருத்துவர்கள் கூடி ஆன்டிபயாட்டிக்கைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரகடனம் என்றே ஒன்றை வெளியிட்டார்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பிரகடனம். 2014-இல் ஹெச்1 அட்டவணை வந்தது. அதில் உள்ள மருந்துகளை மருந்துக் கடைக்காரர் விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். 2017-இல் கடைசிக் கட்ட மருந்துகளில் ஒன்றான இமிபெனமுக்கு அடங்கிய ஈ.கோலை 80 சதவீதத்துக்கு மேல். 2023-இல் அறுபதுகளுக்கு இறங்கிவிட்டது. மருந்துக் கடைக்காரரையும், சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்கும் பாமரரையும் திட்டி எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறீர்கள்! ஏசி அறையில், அச்சடித்த லெட்டர் பேடில், ஒரு தொந்தரவும் சொல்லாத கிழவிக்கு எழுதிய ஆன்டிபயாட்டிக்கை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது?

என் அம்மா திரும்பி வரமாட்டார். ஆனால் இன்றைக்கும் ஏதோ ஒரு வார்டில் ஏதோ ஒரு மகள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகக் கேட்கிறேன். இதய அறுவைக்கு வருகிற முதியவர்கள் அத்தனை பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு யூரின் கல்ச்சர் எழுதுவதை நிறுத்துங்கள். எழுதும் முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தண்ணி மாத்திரை சாப்பிடுகிறவர் அடிக்கடி போகிறேன் என்றால் அந்த மாத்திரையையும் சேர்த்து எழுதுங்கள். நோய் இருக்கிறது என்று தெரிந்து எடுத்தால் ஒழுங்காக எடுங்கள். எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகச் சொல்லி, தேவைப்பட்டால் கூட நின்று, எடுத்ததை நேரத்தோடு லேபில் சேருங்கள். உண்மையான தொற்றுக்குச் சரியான மருந்தைச் சரியான நாள் கொடுங்கள். ஆஞ்சியோ முடிந்தவருக்கு அமிக்கேசின் எழுதும் கை, க்ரியாட்டினின் பார்க்கவும் எழுதட்டும். தொந்தரவு நின்றபின் சுத்தமான ரிப்போர்ட்டுக்காகத் துரத்தாதீர்கள், அறுவையைச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. அறுவைக்கு ஒப்புதல் கேட்டு என்னிடம் எத்தனை கையெழுத்து வாங்கினீர்கள்! பக்கவாதம் வரலாம், கிட்னி போகலாம், உயிரே போகலாம், எல்லாம் தெரிந்தே சம்மதிக்கிறேன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வாங்கினீர்கள். நடக்காத அறுவைக்கு நான் போட்ட கையெழுத்துகள் உங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. நடந்த தள்ளிவைப்புகளுக்கு உங்களில் ஒருவர் கையெழுத்தும் இல்லை. இனிமேல் அதற்கும் ஒரு தாள் வையுங்கள். இன்ன காரணத்துக்காகத் தள்ளிவைக்கிறேன், இந்த நோயாளிக்குக் காத்திருப்பதில் இன்ன ஆபத்து இருக்கிறது, இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுத்தேன் என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டு, ஒரு பிரதியை வீட்டாரிடம் கொடுங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர், தேதியைத் தள்ளிப்போடவும் தயங்கட்டும்.